மண்டபத்தைச் சுற்றிய வண்டி

தங்கவடிவேல் அண்ணாச்சிக்கு சிமெண்ட் வியாபாரம். அவருடைய எஸ்யூவி திரும்பினால் தெருவே அடைத்துக்கொள்ளும். அவர் கல்யாணப் பந்தியில் இருக்கும் நேரமெல்லாம் வாசலில் அந்த வண்டி ஏசியோடு உறுமிக்கொண்டு நிற்க வேண்டும். வந்து உட்காரும்போது சீட் ஜில்லென்று இருக்க வேண்டுமாம்.

அன்றும் மண்டப வாசலில் இறங்கியவர், ஊரே கேட்கும்படி டிரைவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே சுடலை, கம்பெனிக்காரன் சொன்ன மைலேஜுல பாதிகூட வரலியே. டீசலை வித்துத் திங்கியா? நான் சாப்பிட்டு வரதுக்குள்ள மைலேஜ் கூடணும். இல்லேன்னா வேலை கிடையாது. ஏசியை அணைச்சாலும் கிடையாது!"

"கூட்டிருவோம் அண்ணாச்சி," என்றான் சுடலை.

அண்ணாச்சி பாயசம் வரை பார்த்துவிட்டு வெளியே வந்தார். உச்சி வெயில். வண்டியைக் காணோம். வழியனுப்ப வந்த கூட்டமும் கூடவே நின்று வேர்த்தது. தெருமுனையில் வண்டி தெரிந்ததும் கையைக் காட்டினார். சுடலை நிறுத்தவில்லை.

"இன்னும் ஒரு ரவுண்டு அண்ணாச்சி, கூடிக்கிட்டே வருது!" என்று கத்திவிட்டுப் போனான்.

அடுத்த சுற்றில் அண்ணாச்சி நடுரோட்டில் போய் மறித்தார். "என்னலே கூத்து இது?"

"நின்ன இடத்துல குடிக்கிற வண்டிக்கு மைலேஜ் எங்கிருந்து வரும் அண்ணாச்சி? ஏசியை அணைக்கக் கூடாதுன்னுட்டீங்க. அதான் ஓட்டிக்கிட்டே இருந்தேன். மீட்டரைப் பாருங்க, எம்புட்டு கூடியிருக்கு!"

பெண்ணைப் பெற்றவர் எட்டிப் பார்த்தார். "அப்போ இத்தனை நாளா டீசலைக் குடிச்சது உங்க சீட்டுதானா அண்ணாச்சி?"

கூட்டம் சிரித்தது. அண்ணாச்சி ஏறிக் கதவை அறைந்தார். "வண்டியை எடுலே!"

"எடுக்கேன். ஏசி இருக்கட்டுமா, மைலேஜ் வேணுமா?"

அண்ணாச்சி ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.