சவரிராயன் கேட்ட ஓபரா

"டீச்சர், பத்து ஓபரா ரெக்கார்டு செட் தேர்ந்தெடுத்துக் கொடுங்க. உலகத்திலேயே உசத்தியான பத்து!"

படியேறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. அதற்குள் கேட்டுவிட்டார் சவரிராயன்.

துறைமுகத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்து நான்கு வயது. மேல்நாட்டு இசை நாடகமான ஓபரா என்றால் அவருக்கு உயிர்.

டீச்சர் மதலேனுக்கு முப்பத்தெட்டுதான். புதுச்சேரியில் பாட்டுச் சொல்லித் தருகிறவர். ஓபராவில் அவர் சொன்னால் சவரிராயனுக்கு அதற்கு மேல் பேச்சில்லை.

"என்ன அவசரம், ஐயா?"

"இடது காது போயாச்சு. வலது காதுக்கு ஒரு வருஷம்னு டாக்டர் சொல்லிட்டார். மட்டமான பதிவைக் கேட்டு அதை வீணாக்க முடியுமா?"

தடித்த நோட்டு ஒன்றை நீட்டினார். நாற்பது ஓபராக்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு முழுப் பதிவுகள். எதில் குரல் உசத்தி, எதில் வாத்தியம் உசத்தி, எதில் அரங்கத்துக் கூட்டம் இருமுகிறது, எல்லாம் அதில் இருந்தது.

மதலேன் நோட்டைத் திறக்கவில்லை. பெயரில்லாத உறையிலிருந்து ஓர் இசைத்தட்டை எடுத்துச் சுழலவிட்டு, முள்ளை இறக்கினார்.

அந்த ஓபராவின் நாயகி, ஒரு மாலுமியின் மகள், பாட ஆரம்பித்தாள்.

"ஆகா! ஐம்பத்து மூணாம் வருஷப் பதிவு!" துள்ளினார் சவரிராயன்.

அவர் வாயைத் திறந்ததுமே மதலேன் முள்ளைத் தூக்கி, மறுபடி முதலில் வைத்தார்.

"இதே இடத்துல இன்னொரு பாடகி இன்னும் மேல் ஸ்தாயிக்குப் போவா, தெரியுமா?" என்றார் சவரிராயன்.

மறுபடி முதலிலிருந்து.

அன்றைக்குப் பதினோரு தடவை.

"நாளைக்கு வாங்க, ஐயா."

மறுநாள் ஆறு தடவை. மூன்றாம் நாள் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என் காதுக்கு மிச்சம் இருக்கிற நாளை நீங்க தின்னுக்கிட்டிருக்கீங்க!"

அதற்கும் முள் மேலே போனது.

நான்காம் நாள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் அங்கம் ஓடி முடிந்தது. மதலேன் தட்டைத் திருப்பிப் போட்டார். பிறகு அடுத்த தட்டு.

அந்தப் பெண் கப்பலில் வந்த ஒருவனிடம் மனதைக் கொடுத்தாள். அவனைத் தீர்த்துக்கட்ட அப்பன் கோப்பையில் விஷம் கலந்தான். கோப்பை மாறி மகள் கைக்குப் போனது.

முப்பது வருஷமாகத் தெரிந்த கதைதான். ஆனாலும் சவரிராயன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். கைக்குட்டை எங்கோ விழுந்து கிடந்தது.

"குடிக்காதேம்மா!"

இந்தத் தடவை மதலேன் முள்ளைத் தூக்கவில்லை. முள் ஓடிக்கொண்டே இருந்தது.

கடைசித் தட்டு நின்றது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"யார் பாடினது, ஐயா?"

சவரிராயன் விருட்டென்று எழுந்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"அங்கே ஒரு பொண்ணு செத்துக் கிடக்கா, டீச்சர். பாடினது யாருன்னா கேக்கறீங்க?"