தட்டாமல் திறந்த கதவு

"சாவியை உங்க காலடியில வச்சிட்டுப் போகத்தான் வந்தேன், தாயி. இனி என்னால ஆகாது."

ஊற்றுக்கரை அம்மன் கோயில் பூசாரி மாசானமுத்து, கோழி கூப்பிடும் முன்பே மலையேறி வந்து சொன்ன முதல் வார்த்தை இதுதான். தாயி என்று அவர் கும்பிட்டது, பாறைக்கடியில் தனியாகக் குடியிருந்த அடைக்கலத்தை. அவரைவிடப் பத்து வயது இளையவள். இருந்தாலென்ன, குரு என்று நினைத்துவிட்டால் குருதான்.

"ஏன் அண்ணாச்சி?"

"முப்பது வருசமா பூசை வைக்கேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவளைக் கண்டதில்ல. உள்ள இருக்கது கல்லு, தாயி. வெறுங்கல்லு."

சொல்லும்போதே மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கதவை எப்படித் திறப்பீக?"

இதென்ன கேள்வி! ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியுமே.

"மூணு தடவை கை தட்டிட்டுத்தான். பொழுது அடைஞ்சா அம்மன் எந்திரிச்சு நடமாடுவா. விடியக்காலம் சத்தங் கேட்டதும் வந்து கல்லுக்குள்ள ஒடுங்கிருவா. தட்டாமத் திறந்தா கண்ணு அவிஞ்சு போகும். கமிட்டிக்காரங்க சுவத்துல பெயிண்டுல எழுதியே வச்சிருக்காங்களே!"

அடைக்கலம் மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ தினமும் அவளை விரட்டி விரட்டிக் கல்லாக்குதது யாரு?"

பூசாரி கையிலிருந்த சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னைக்குத் தட்டாமத் திறங்க. அப்பவும் கல்லுதான்னா சாவியைக் கொண்டாங்க."

"கண்ணு போயிட்டா?"

"இருக்க கண்ணால முப்பது வருசமா என்னத்தைக் கண்டீக?"

மலையிறங்கினார். கிழக்கு வெளுத்துக்கொண்டு வந்தது. வழியில் எதிர்ப்பட்டவர்கள் கும்பிட்டதுகூட அவருக்குத் தெரியவில்லை.

பூட்டில் சாவியை நுழைத்துத் திருப்பினார். பழக்கம் விடுமா? இரண்டு கையும் தாமாக எழும்பின. சட்டென்று கீழே இறக்கிக்கொண்டார்.

கதவில் கை வைத்தார். வெறுங்கல்லு என்று சொன்ன வாய் உலர்ந்து கிடந்தது. முப்பது வருஷத்தில் ஒருநாளும் அந்தக் கதவுக்கு முன்னால் அவர் பயந்ததில்லை. இப்படி அழுகை முட்டினதும் இல்லை.

"கண்ணு போனாலும் சரி, ஆத்தா. வாறேன்."

உள்ளேயிருந்து மூன்று முறை கைதட்டும் சத்தம் கேட்டது.