வாசலுக்கு மேல் விட்ட இடம்

கரட்டு அடிவாரத்தில் இருந்த அந்தக் கல்சாளையை ஒருமுறை பார்த்தவர்கள் லேசில் மறக்க மாட்டார்கள். எந்தக் காலத்துக் குடியானவர் கட்டிய பண்ணை வீடோ! சுண்ணாம்பு இல்லை, சிமெண்டு இல்லை. கல்லுக்குக் கல் பொருத்தம் பார்த்து அடுக்கிய சுவர். கூரையும் கற்பலகைதான். சித்திரை வெயிலில் உள்ளே நுழைந்தால் உடம்பு குளுகுளுவென்று ஆகிவிடும்.

வெள்ளாமை நின்றுபோன பிறகு சடையம்மாள் என்ற துறவி அங்கே வந்து தங்கினார். மனசு நொந்தவர்கள், வீட்டில் சண்டை போட்டவர்கள் என்று யாராவது அவரைத் தேடி வந்தபடி இருப்பார்கள். மாட்டு வியாபாரத்தை விட்டுவிட்டு வந்த ராசப்பன் அவருடைய சீடன். வயதில் அம்மாளைவிட மூத்தவன்தான். அதனால் என்ன, சீடன் சீடன்தானே.

ஒருநாள் அம்மாள் சொன்னார்: "ஆவணி பொறந்ததும் வடக்க போறேன் ராசப்பா. திரும்பி வரமாட்டேன். இனி இந்தச் சாளைய நீதான் பாத்துக்கோணும்."

"நானுங்களா அம்மா?"

"உன்னால ஆகாதுன்னா பூட்டிப் போட்டுட்டுப் போறேன்."

அன்றிலிருந்து ராசப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை நாள் வாய் பிளந்து ரசித்த வீட்டை இப்போது குற்றம் கண்டுபிடிக்கிற கண்ணோடு சுற்றிச் சுற்றி வந்தான்.

தலைவாசலுக்கு மேலே குறுக்காக ஒரே நீளக்கல் கிடந்தது. அந்த மேல்கல்லுக்கு மேலே, சுவரில் கூம்பு வடிவில் ஒரு பொந்து. புறாக்கள் அதில் வந்து உட்காரும். 'இவ்வளவு கனத்த சுவரில் இப்படியொரு ஓட்டையா? என் பொறுப்பில் இருக்கும்போது சரிந்து விழுந்தால்?' பொந்து நிறையக் கல்லைத் திணித்து, ஒரு விரல்கூட நுழையாதபடி சுத்தியலால் அடித்து இறுக்கினான். அப்புறம்தான் மூச்சு வந்தது.

சில நாளில் மேல்கல்லில் விரிசல் ஓடியிருந்தது.

ராசப்பன் துணிமூட்டையோடு அம்மாள் முன்னால் வந்து நின்றான்.

"நான் கெளம்பறேனுங்க. நான் கை வெச்ச நேரம், வாசலே விரிசல் விட்டுப் போச்சு. வர்றவங்க பாரத்தையெல்லாம் தாங்கற தெம்பு எனக்கு இல்லீங்க."

சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாள் எழுந்து போய் வாசலை அண்ணாந்து பார்த்தார்.

"ஏணியக் கொண்டா. நீ வெச்ச கல்ல எல்லாம் எடு."

வாசலில் ஏணியைச் சாய்த்து ஏறினான். ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டான். கடைசிக் கல்லை உருவும்போது, தலையில் சுவர் இறங்கப்போகிறது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஒன்றும் ஆகவில்லை.

இதற்குள் பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி, அழுது வீங்கிய முகத்தோடு வந்து, உள்ளே நுழைய முடியாமல் ஏணிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"பொந்துக்குள்ள கைய விட்டுப் பாரு. மேல இருக்கற சுவரு எதும்மேல உக்காந்திருக்குது?" என்றார் அம்மாள்.

ராசப்பன் தடவிப் பார்த்தான். இரண்டு பக்கத்துக் கற்களும் வரிசைக்கு வரிசை கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நீண்டு, உச்சியில் ஒன்றையொன்று தொட்டன. சுவரின் கனமெல்லாம் அவற்றின் வழியே இருபுறமும் பிரிந்து தரைக்கு இறங்கியது. பயம் போன இடம் தெரியவில்லை.

"அடேங்கப்பா! வேணும்னே விட்டிருக்கறாங்க அம்மா! என்ன மூளை, என்ன கை! இந்த மேல்கல்லு மேல ஒரு பாரத்தையும் ஏத்தலீங்க!"

"நீதான் ஏத்துன."

ராசப்பன் விரிசலை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"பாரத்தையெல்லாம் சுத்தியிருக்கற கல்லுகதான் தாங்குதுன்னா, இந்த மேல்கல்லு எதுக்குங்க நடுவுல?"

"வழி விடறதுக்கு," என்றார் அம்மாள். "எறங்கி வந்து ஏணிய நகத்து. அந்தப் புள்ள எத்தன நேரமா வெளிய நிக்குது."