ஒன்றை ஒன்றென்ற சாத்தையனார்

சாரல்மலை அடிவாரத்தில் வேம்பாறை என்னும் ஊரில், மிளகு மண்டி ஒன்றில் படி பிடித்து அளக்கும் கூலிவேலை பார்த்தவர் சாத்தையனார். விடியற்காலையில் குளித்து, நீறு பூசி, சாரலீசர் கோயில் மடைப்பள்ளிக்குப் போய் அன்றைய பொங்கலுக்கான மிளகை அளந்து கொடுப்பார். படியைத் தொடுமுன் ஒருமுறை கும்பிடுவார். கிழிந்த வேட்டியும் ஒருவேளைக் கஞ்சியும்தான் வாழ்வு. ஆனாலும் இறைவன் உண்ணும் மிளகு தம் கைபட்டுப் போகிறது என்ற நினைப்பே அவருக்குப் போதுமாயிருந்தது.

மண்டிக்கு உரியவர் அம்பலவாணர். கோயிலுக்கு மிளகு விற்கும் உரிமையும் அவருடையதே. அவர் பெருமையைச் சொல்லாமல் மேலே போனால் அவருக்குக் கோபம் வரும், சொல்லிவிடுவோம். கோயில் விளக்கில் அவர் பெயர் இருந்தது, சுடரைவிடப் பெரிதாக. சந்தைக்கு மிளகு சுமந்து வரும் மலைமக்களுக்கு அவர் மோர்ப்பந்தல் போட்டிருந்தார். அந்த மோரில் மோர் எது என்று குடித்தவர்களால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. பந்தலடியில் நட்ட கல்லில் மட்டும் 'மலைக்குடிகளை வாழ்விக்கும் வள்ளல்' என்று ஆழமாக வெட்டியிருந்தார்கள்.

அளக்கும்போது முதல் படியை 'ஒன்று' என்னாமல் 'லாபம்' என்பது ஊர் வழக்கம். லாபம், இரண்டு, மூன்று என்று எண்ணிக்கை போகும். அம்பலவாணர் மலைமக்களுக்கு மட்டும் அதைத் திருத்தியிருந்தார். 'லாபம்' என்பது சாமி பங்கு என்று சொல்லிவைத்து அந்தப் படியைத் தனியே கொட்டச் செய்தார். அடுத்த படியிலிருந்துதான் 'ஒன்று' தொடங்கும். அவர்கள் நம்பினார்கள். சாத்தையனாரும் நம்பினார். தம் இறைவனுக்குப் போவதாயிற்றே என்று அந்தப் படியை மட்டும் கோபுரமாய்க் குவித்து அளந்தார் அந்த வெள்ளைமனத்தவர்.

ஒரு சந்தையன்று மாதி என்ற மலைப்பெண் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டாள்: "ஐயா, எங்க மொளகு சாமிக்குக் காரமா இருந்துச்சா? போன வருசம் மழை கூடிப்போச்சு. காரம் கொறஞ்சிருக்கும்னு எங்க ஊட்டுல ஒரே கவல."

மறுநாள் சாத்தையனார் மடைப்பள்ளிச் சமையற்காரரிடம் அதைக் கேட்டார். அவர் சிரித்தார். "சாமி பங்கா? இங்க வர்ற ஒவ்வொரு மணியும் கோயில் விலை கொடுத்து வாங்கினது ஓய். சும்மா ஒரு மணி வந்ததில்ல."

சாத்தையனார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை ஆண்டுகள் பட்டினி வயிறுகளிலிருந்து இறைவன் பெயரைச் சொல்லித் திருடியது தம் கைதான் என்று நெஞ்சில் அறைந்துகொண்டு அழுதார். இனி உண்மையைச் சொன்னால் கஞ்சி போகும். அது போகட்டும். விடியற்காலைத் தொண்டும் போகும். அதுதான் அவருக்கு உயிர்.

அடுத்த சந்தையில், மண்டி நிறையக் கூட்டம் இருக்கையில், மாதியின் முதல் படியைக் குவிக்காமல் தலைதட்டி அளந்து, உரக்க "ஒன்று" என்றார்.

அம்பலவாணர் துள்ளி எழுந்தார். "என்னய்யா சொன்ன? வாயைக் கழுவு! லாபம்னு சொல்ற எடத்துல ஒண்ணுன்னா கடை உருப்படுமா?"

"சாமிக்குப் போறதுன்னு சொன்னீங்களே ஐயா. போகலையே."

"சாமி வேற, நான் வேறயா? வெளக்கு வெச்சது யாரு? இந்தக் காட்டு சனத்துக்கு மோர் ஊத்துறது யாரு? போய்யா வெளியே!"

படியைப் பிடுங்கிக்கொண்டு சாத்தையனாரைத் தெருவில் தள்ளினார்கள். வள்ளலின் தயவில் பிழைத்த ஊரல்லவா, அதுவும் தன் பங்குக்கு "ஒண்ணு வர்றாரு பார்" என்று கேலி பேசியது. மடைப்பள்ளி வாசலும் அவருக்கு மூடப்பட்டது. சாத்தையனார் விறகு பொறுக்கி விற்றார். விடியற்காலையில் கோபுரத்துக்கு வெளியே நின்று, "சாரலீசா, அளந்த கையைப் பொறுத்துக்கொள்" என்று கும்பிட்டார். ஒருநாளும் தவறவில்லை.

திருவிழா வந்தது. அம்பலவாணர் மேளதாளத்தோடு பத்து மூட்டை மிளகைக் கோயில் முற்றத்தில் இறக்கி, ஊரறியத் தாமே அளக்கத் தொடங்கினார். "லாபம்!" என்று முழங்கிப் படியில் மிளகைக் கொட்டினார். படி நிறையவில்லை. மேலும் கொட்டினார். மூட்டை காலியாயிற்று, படியின் அடி தெரிந்தது. பத்து மூட்டையும் தீர்ந்தன. வள்ளல் வியர்த்து விறுவிறுத்து, படியில் ஓட்டையோ என்று விரலை விட்டுத் துழாவினார். ஓட்டை அங்கே இல்லை.

அப்போது கருவறையிலிருந்து குரல் எழுந்தது: "நம் பெயரால் நீ வாங்கிய படிகளை அவரவர் வீட்டில் சேர்த்துவிட்டோம். உன்னுடையது என்று ஏதேனும் இருந்தால் கொண்டுவந்து அள. சாத்தையனை அழையுங்கள்."

சாத்தையனார் வந்தார். தண்டிக்கத்தான் அழைக்கிறார் என்று எண்ணி, இரு கைகளையும் நீட்டியபடி விழுந்தார். "திருடின கை இதுதான் சாமி."

"அஞ்சாதே. இந்த ஊரில் எத்தனையோ பேர் நம் பெயரை ஓதுகிறார்கள். சந்தை நடுவே நீ சொன்ன ஒரு சொல்தான் நம் செவிக்கு எட்டியது."

மலைமேல் குடிசைதோறும் வாசலில் மிளகு குவிந்து கிடந்ததை, மாதியும் அவள் மக்களும் ஓடிவந்து சொன்னார்கள். அன்றுமுதல் மலைமக்களே தங்கள் மிளகை நேரே மடைப்பள்ளிக்குக் கொண்டுவந்தார்கள். கோயில் அவர்களுக்கு முழுவிலை கொடுத்தது. சாத்தையனார் படி பிடித்தார்.

ஒன்றை ஒன்றென்று சொன்ன அவர் திருவாய் வாழ்க.