இருவாச்சியைக் கூண்டில் போட்ட ராஜா

ஒரு மலை இருந்துச்சாம், அந்த மலையில வானத்தை முட்டுற மரம் ஒண்ணு, அந்த மரத்துப் பொந்துல ஒரு இருவாச்சிப் பறவையும் அது புருஷனும் குடித்தனம் பண்ணுச்சாம். பெரிய மூக்குப் பறவை, தெரியும்ல? முட்டை போடுற நாள் வந்ததும் அவ பொந்துக்குள்ள போயி, பாம்பு வரக்கூடாது, குரங்கு வரக்கூடாது, கழுகு வரக்கூடாதுன்னு வாசலைத் தானே பூசி அடைச்சுக்கிட்டா. மூக்கு நீட்ட ஒரு சந்துதான் மிச்சம். உள்ள இறகெல்லாம் உதிர்ந்துபோயி உக்காந்திருக்கா, புருஷன் அத்திப்பழம் கொண்டாந்து ஊட்டுறான். அவன் வரலேன்னா தாயும் போச்சு, குஞ்சும் போச்சு.

அந்தப் பக்கமா ஒரு ராஜா வந்தான். நியாயத்துக்கே தான்தான் அப்பன்னு நெனப்பு அவனுக்கு. "அடப்பாவி, பொண்டாட்டியைச் சுவர் வச்சு அடைச்சிருக்கானே! இனிமே எவன் பொண்டாட்டி உள்ள அடைஞ்சு கெடந்தாலும் அவனுக்குக் கூண்டுதான்!"னு புருஷனைப் பிடிச்சு அரண்மனை முத்தத்துல கூண்டுல போட்டான். உள்ள இருக்கிறவளை ஒரு வார்த்தை கேட்டானா? கேக்கலையே!

அப்புறம் சேவகனை ஏத்திச் சுவரை இடிக்கச் சொன்னான். இடிச்சான், அவ பூசிட்டா. மறுபடி இடிச்சான், மறுபடி பூசிட்டா. மூணாவது தடவை, "ஐயா, இது நான் கட்டுன சுவர்! எம் புருஷனை விடுங்க, பசிக்குது!"னு கத்தியே சொல்லிட்டா. ராஜா என்ன சொன்னான் தெரியுமா? "புத்திகெட்ட பறவை, கெடக்கட்டும்"னு சொல்லிட்டுக் குதிரை ஏறிட்டான். அவன் நியாயத்துல இடி விழ!

ராணி பூவாயி நெறமாசக்காரி. கூண்டுல அழுத பறவைகிட்ட அவதான், "ஏன்பா அழுவுறே?"னு கேட்டா. பொண்டாட்டி பொந்துல பட்டினி கெடக்கான்னு அது சொல்லவும், அவ விறுவிறுன்னு எந்திரிச்சா. ராஜாகிட்டப் போயி, "அதை விட்டுருங்க, அங்க ஒருத்தி பட்டினி கெடக்கா"ன்னா.

"சட்டம்னா சட்டம்தான்!"னான்.

"அப்படியா?"ன்னு ராணி பிரசவ அறைக்குள்ள போயி உள்தாழ்ப்பாள் போட்டுட்டா. பின்னாடியே வந்து ராஜா கதவைத் தட்டுறான்.

"சேவகர்களா! நான் உள்ள அடைஞ்சு கெடக்கேன், வெளியில நிக்கிறவர் எம் புருஷன். சட்டம் என்ன?"

சேவகனுங்க ராஜாவைப் பிடிச்சுட்டானுங்க.

"டேய், தாழ்ப்பாள் போட்டது அவடா! உள்ள இருக்கிறவளைக் கேளுங்கடா!"

"நீங்க கேட்டீங்களா மகாராஜா?"ன்னா ராணி. "கூண்டு ஒண்ணுதான் இருக்கு. பறவையை விட்டுட்டு இவரைப் போடுங்க."

பறவை அத்திப்பழத்தோட பறந்துச்சு, பொழுது சாயுறதுக்குள்ள சந்துல மூக்கு வந்து வாங்கிக்கிச்சு.

ராஜாவை எப்ப விட்டாங்கன்னா கேக்குறே? குஞ்சுக்கு இறக்கை முளைச்சு வெளிய வர்ற வரைக்கும் விடலை. வேணும் அவனுக்கு!

கதை பொந்தை விட்டுப் பறந்துருச்சு, நீ கண்ணை மூடு.