அதே உப்பு

கோபிச்செட்டிபாளையத்தில் அரிசி மில் கனகசபாபதி வந்தால் எல்லாரும் ஒதுங்கி நிற்பார்கள். அப்படி ஒதுங்கி ஒதுங்கியே, மனைவி இறந்த பிறகு, பன்னிரண்டு நாற்காலி போட்ட சாப்பாட்டு மேசையில் அவர் ஒண்டியாக மிஞ்சினார்.

ரத்தக்கொதிப்பும் ஏறியது. மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைக்கணும், தினமும் நடக்கணும் என்றார் டாக்டர். கனகசபாபதி சமையல்காரி பாவாயியிடம் சீறினார்.

"போடற உப்புல ஒரு கல்லுக் குறையக் கூடாது. உடம்புக்காக நான் நடக்கவும் மாட்டேன். பிரஷர் இறங்கோணும். இல்லீன்னா உனக்கு இங்க வேலையில்ல."

"சரிங்கய்யா."

மறுநாள் அவர் சாப்பிட வந்தபோது சோறும் குழம்பும் ஏகத்துக்கு இருந்தன.

"கை தவறி ரெண்டு பேத்துக்கு ஆக்கிப்போட்டேனுங்க. வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் தையல்காரர் மயில்சாமி தனியாத்தான் கெடக்கறாரு. நேர்ல போய்க் கூப்பிடாம கை நனைக்க மாட்டாருங்க. அங்க காரும் போகாதுங்க."

சோற்றைக் கொட்ட மனசில்லாமல் முனகிக்கொண்டே நடந்துபோய் மயில்சாமியைச் சாப்பிடக் கூட்டிவந்தார். பாவாயிக்குத் தினமும் கை தவறியது; அவரும் தினமும் நடந்தார். குழம்பு சப்பென்றுதான் இருந்தது; மயில்சாமியோடு பேசிச் சிரித்ததில் அவருக்கு அது உறைக்கவில்லை.

மூன்று மாதத்தில் பிரஷர் இறங்கியது. அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"உப்பைக் குறைச்சுட்டியா?"

"ஒரு கல்லுக்கூட இல்லீங்க. ஒருத்தருக்குப் போட்ட உப்பையே ரெண்டு பேத்துக்குப் போட்டேன். நீங்களும் உடம்புக்காக நடக்கலீங்களே, மயில்சாமிக்காகத்தானுங்க நடந்தீங்க!"

திட்ட வாயெடுத்தவர், மூலையில் அவள் தனக்கென்று வைத்திருந்த பழைய சோற்றுத் தட்டைப் பார்த்தார்.

"நாளையிலிருந்து மூணு பேத்துக்கு ஆக்கு. மேசையில மூணு தட்டு வை."

"உப்புங்கய்யா?"

"அதே உப்பு போதும்."