கடத்தாத கிரீஸ்

தூத்துக்குடி உப்பளச் சாலையில் ரெஜினா வண்டி வயரிங் பார்க்கிறாள். வயது முப்பத்திரண்டு. அவளுடைய சீடர் பிச்சையாவுக்கு ஐம்பத்தாறு. மில் மூடியபிறகு தொழில் கற்க வந்தவர். கேள்வி கேட்காமல் ஒரு திருகைக்கூட முடுக்க மாட்டார் மனுஷன்.

அன்று மதியம் கித்தேரியான் வேனோடு வந்திருந்தார். கூடவே வந்து கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஸ்டெல்லாவுக்கு மூன்று மணிக்குத் திருநெல்வேலியில் டயாலிசிஸ். உப்புக் காற்றில், வயர்களை இணைக்கும் கப்ளருக்குள் பச்சைக் களிம்பு பூத்து, போன வாரம் இரண்டு முறை வேன் நடுவழியில் நின்றுவிட்டது.

ரெஜினா பின்களைச் சுத்தம் செய்தாள். வெள்ளை கிரீஸைத் தடவி மாட்டும்படி பிச்சையாவிடம் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

அவர் மாட்டினார். கித்தேரியான் சாவியைத் திருப்பி இண்டிகேட்டரைப் போட்டார். ஹார்ன் அலறியது.

ரெஜினா ஓடிவந்து கப்ளரைப் பிரித்தாள். உள்ளே செம்பு நிற கிரீஸ் அப்பிக்கிடந்தது.

"வெள்ளையத்தானே சொன்னேன் அண்ணாச்சி?"

"வெள்ளை கரண்ட்டக் கடத்தாது, செம்பு கடத்தும்னு நீதானம்மா சொன்ன. கரண்ட் போற இடத்துல கடத்தாததையா தடவுவாங்க? அதான் செம்ப தாராளமா வச்சேன்."

"அது பேட்டரி போல்ட்டுக்கு. இங்க எட்டு பின் பக்கம் பக்கமா இருக்கு. ஒண்ணுல வர்ற கரண்ட் அடுத்ததுக்கும் தாவுது."

பிச்சையாவுக்கு அவமானமாக இருந்தது. பிரஷ்ஷை எடுத்து ஒவ்வொரு பின்னாகத் துடைத்தார். மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை.

"கடத்தாதது நடுவுல உக்காந்தா கரண்ட் எப்படிம்மா போவும்?"

ரெஜினா ஒரு பழைய பின்னிலும் அது நுழையும் துளையிலும் வெள்ளையைத் தடவி, டெஸ்ட் லைட்டோடு சேர்த்து அவர் கையில் கொடுத்தாள். அவர் லேசாக ஒட்டவைத்தார். எரியவில்லை.

"பாத்தியா?"

"அழுத்துங்க."

அழுத்தினார். எரிந்தது.

"கிரீஸ் எங்க போச்சு?"

"தொடுற இடத்த விட்டு ஒதுங்கிருச்சு. சுத்திலும் நிக்குது. உப்பு உள்ள வராது."

"அவ்வளவுதானா அதோட வேலை?"

"அவ்வளவுதான்."

பிச்சையாவின் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. வெள்ளையைத் தடவி மாட்டினார். இண்டிகேட்டர் ஒழுங்காக மினுக்கியது. எஞ்சின் சீராக ஓடியது.

ஸ்டெல்லா ஏற மறுத்துவிட்டாள்.

"போன வாரமும் சரியாயிட்டுன்னுதான் சொன்னாங்க. ஒன்றரை மணி நேரம் வெயில்ல கெடந்தேன். எனக்குப் பயமா இருக்கு. நான் வரல."

கித்தேரியான் கெஞ்சிப் பார்த்தார், அதட்டியும் பார்த்தார். அவள் பெஞ்சை விட்டு அசையவில்லை.

ரெஜினா திரும்பினாள். "அண்ணாச்சி, நீங்க பின் சீட்டுல ஏறுங்க."

"நானா? வண்டி இனி நிக்குமா?"

"நிக்காது."

"பெறவு நான் எதுக்கு?"

"நிக்காதுன்னு நமக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியாதுல்லா."

பிச்சையா ஒன்றும் புரியாமல் ஏறி உட்கார்ந்தார். ஸ்டெல்லா அவரையே சிறிது நேரம் பார்த்தாள். பிறகு மெல்ல எழுந்து வந்து, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வண்டி நகரும்போது அவர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"போற வழியில நான் என்னம்மா செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம் அண்ணாச்சி. கூட இருங்க."